ஒரு பக்கத்துக்கு ஒரு துண்டு

மாசி 11, ஞாயிறு

நூலகத்தில் இன்று கூட்டம். நான் அழைத்தால் ஆறு பேர் வருவார்கள். அதிலும் இரண்டு பேர் ஃபேன் காற்றுக்காக வருபவர்கள். இன்று பூமயில் அழைத்தாள். பாய் போதாமல் பெண்கள் வாசற்படியில் உட்கார்ந்தார்கள்.

இந்தப் புளியடியேந்தலில் பெண்கள் குழு என்று ஒன்றைத் தொடங்கியது நான். மூன்று வருஷமாக அலைந்தது நான். மிளகாய்க் காட்டில் பத்து மணி டீ ஆண்களுக்கு மட்டும் வந்துகொண்டிருந்தது. பெண்களுக்கும் வரவைத்தது நான். எட்டாவதோடு நிறுத்திய பிள்ளைகளை வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டு மறுபடி பஸ் ஏற்றியது நான். பூமயில் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து ஒரே ஒரு பொங்கல்தான் ஆகியிருக்கிறது. அதற்குள் "நம்ம மயிலு, நம்ம மயிலு" என்று ஊரே உருகுகிறது. நேற்றுப் பெய்த மழைக்கு இன்று முளைத்த காளான்.

பரமக்குடி காலேஜில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவள். அவளை என் மாமா மகன் குமரவேலுக்குப் பேசி முடித்தபோது, "ஒஞ் சிநேகிதியே ஒனக்குச் சொந்தமா வந்துட்டா, கொடுத்துவச்சவ" என்று என்னிடமே வந்து சொன்னார்கள். கல்யாணத்தில் வாசலில் நின்று சந்தனம் கொடுத்தேன், சிரித்துக்கொண்டே. குமரவேல் மச்சான் அன்று பழுப்பு நிறத்தில் ஒரு பட்டுச் சட்டை போட்டிருந்தார். அந்த நிறம் அவருக்குப் பொருந்தவே இல்லை. மற்றபடி எழுத ஒன்றுமில்லை.

மாசி 14, புதன்

முண்டு வத்தல் மிளகாயில் இரண்டாம் பறிப்பு. கை எரிகிறது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு எழுதுவதால் தாளெல்லாம் கறை.

அக்கா காளீஸ்வரிக்குக் கை எரிவதில்லையாம். ஐப்பசியில் அவள் மகள் பவானியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தபோது வலது மணிக்கட்டு வீங்கித் தொங்கியது. தவசி அத்தான் கதவில் வைத்து நசுக்கியிருந்தார். மாவுக்கட்டுப் பிரித்த மறுநாளே காட்டுக்கு வந்துவிட்டாள். தலையில் துண்டைக் கட்டி, ஒரு நுனியை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டு, யாரோடும் பேசாமல் பறிக்கிறாள். ஒரு நாளில் அவள் பேசுவதை எண்ணிவிடலாம்.

இன்று மத்தியானம் பூவலிங்கம் மாமா வந்தார். அம்மாவின் ஒரே தம்பி. குமரவேலின் அப்பா, ஆகையால் பூமயிலின் மாமனார். உட்காராமலே சொன்னார்:

"தவசி ஊர்ல பிராது வச்சிட்டான்க்கா. ஒண்ணு பொண்டாட்டி வரணும், இல்லாட்டி பிள்ளைய அனுப்பணும்கிறான். பங்குனி ரெண்டு, ஞாயித்துக்கெழம கூட்டம்."

மாரியம்மன் கோவிலில் காப்புக் கட்டுவதற்கு முன்னால் ஊரில் எந்தப் பிராதும் பாக்கி இருக்கக் கூடாது என்பது இங்கே வழக்கம். செவ்வாய் காப்பு. அதனால் ஞாயிறு எப்படியும் முடித்துவிடுவார்கள்.

அம்மா, "நீ நமக்காகத் துண்டு போடுவேல்ல தம்பி?" என்று கேட்டாள்.

"போடாம? போட்டு, பிள்ளையோட பொண்ணு வந்துருவான்னு சொல்லி முடிச்சு விட்டுருவேன். குடும்பம்னா கை ஒடியும், கால் ஒடியும். அதுக்காக?"

அக்கா முற்றத்தில் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். மாமா குரலைக் கேட்டதும் பவானி ஓடிப்போய்ச் சாக்குக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். ஆண் குரல் உயர்ந்தால் அது அப்படித்தான் செய்கிறது. நாலு வயசுப் பிள்ளை, வத்தல் நெடி அடிக்கும் சாக்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தும்மாமல் இருக்கப் பழகியிருக்கிறது.

இனி அத்தான் என்று எழுத மாட்டேன். தவசி.

மாசி 15, வியாழன்

இந்தத் துண்டுச் சமாச்சாரத்தை எழுதி வைக்கிறேன். நாளைக்கு யாராவது படித்தால் நம்ப மாட்டார்கள்.

மந்தைத் திடலில் கூடும் எங்கள் ஊர்க் கூட்டத்தில் பேச வேண்டியவர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து, ஊர்த் தலைவரான அம்பலகாரர் முன்னால் தரையில் போட வேண்டும். துண்டு கிடக்கும்வரை அவர் மட்டும்தான் பேசலாம். அவராக எடுத்த பிறகுதான் அடுத்தவர் வாய் திறக்கலாம். ஒரு பக்கத்துக்கு ஒரு துண்டு. ஒரே பக்கத்துக்கு இரண்டு விழுந்துவிட்டால், அவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை, "வாயில்லாத பக்கம்" என்று தள்ளிவிடுவார்கள். அதோடு பிராது எதிர்ப்பக்கம் போய்விடும்.

பெண்களுக்குத் துண்டு ஏது? நாங்கள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று கேட்கலாம். எங்களுக்காக ஓர் ஆண் துண்டு போடுவார். அப்பா இருந்தால் அவர் போட்டிருப்பார். அப்பா இல்லை, அண்ணன் தம்பியும் இல்லை. மாமாதான்.

கோர்ட்டுக்குப் போகலாம் என்று அக்காவிடம் சொன்னேன்.

"போகலாம். அதுவரைக்கும் பிள்ள யாருகிட்ட இருக்கும்?" என்றாள்.

மாசி 18, ஞாயிறு

பெண்ணே துண்டு போட்டால் என்ன?

இந்த யோசனை என்னுடையது. எழுதி வைக்கிறேன், என்னுடையது. இன்றைய கூட்டத்தில் பக்கத்தில் இருந்த பூமயிலிடம் மெதுவாகச் சொன்னேன். அவள் எழுந்து நின்று சத்தமாகச் சொல்லிவிட்டாள். "நாமளே துண்டு போட்டா என்ன? துண்டுல ஆம்பளத் துண்டு, பொம்பளத் துண்டுன்னு இருக்கா?" பெண்கள் கை தட்டினார்கள். பூமயிலுக்குத் தட்டினார்கள்.

அவள் என்னைப் பார்த்து, "ஜோதி சொன்னதுதான்" என்றாள். கை தட்டல் ஓய்ந்த பிறகு சொன்னாள். பந்தி முடிந்த பிறகு இலை போடுகிற மாதிரி.

யார் போடுவது என்ற பேச்சு வந்தது. ஐந்தாறு குரல், "மயிலு போடட்டும்." நான், "எங்க அக்கா பிராது அது" என்றேன். பூமயில், "அக்கா எனக்கும் அக்காதான்" என்றாள். அதற்கும் ஒரு கை தட்டல். அடுத்த ஞாயிறு முடிவு செய்யலாம் என்று வைத்தோம்.

அக்காவையும் அழைத்துப் போயிருந்தேன். மூலையில் உட்கார்ந்து பவானிக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதியில், "பிள்ளைக்குப் பசிக்கிது" என்று எழுந்து போய்விட்டாள். அவள் எப்போதும் இப்படித்தான், தன் காரியம் என்றாலும் ஓர் ஆர்வம் கிடையாது.

மாசி 20, செவ்வாய்

பரமக்குடி போய் ஒரு துண்டு வாங்கினேன். வெள்ளை, சிவப்புக் கரை. கஞ்சி மொடமொடப்பு.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் குமரவேல் மச்சான். பைக்கில் வரச் சொன்னார். பஸ் வந்துவிடும் என்றேன். பஸ் வர ரொம்ப நேரமாகும் என்று இருவருக்கும் தெரியும்.

"துண்டு யாருக்கு ஜோதி?"

"சும்மா, வீட்டுக்கு."

சிரித்தார். "மயிலும் ஒண்ணு வாங்கியாரச் சொன்னா. பச்சைக் கரை. அப்பாவுக்குத் தெரியாம வாங்கியிருக்கேன், நீயும் சொல்லிராத."

பெண்டாட்டிக்காக அப்பாவுக்குத் தெரியாமல் துண்டு வாங்குகிற ஆண்கள் இந்த ஊரில் எத்தனை பேர்? அதெல்லாம் கொடுத்துவைத்தவர்களுக்கு. சிவப்புக் கரைதான் எடுப்பு. பச்சை தூரத்திலிருந்து பார்த்தால் கறுப்பாகத் தெரியும்.

மாசி 21, புதன்

சாயங்காலம் பூமயில் வந்தாள். அம்மா அவளுக்குக் கருவாட்டுக் குழம்பில் மண்டைத் துண்டாகப் பார்த்து எடுத்து வைத்தாள். எனக்கு வால்.

இருவரும் பேசிப் பார்த்தோம், கூட்டத்தில் பேசுவது போல. நான் நான்கு பக்கம் எழுதியிருந்தேன். சட்டம் என்ன சொல்கிறது, சமத்துவம் என்றால் என்ன, பெண் பிள்ளை யாருடைய சொத்தும் அல்ல என்று வரிசையாக. நிறுத்தி நிறுத்திப் படித்தேன். அம்மா கொட்டாவியை மறைத்துக்கொண்டாள். எனக்குத் தெரிந்தது.

பூமயில் எதுவும் எழுதவில்லை. எழுந்து நின்று, "அய்யா, எங்க அக்கா கை இந்த ஊரு வத்தலத்தான் பறிச்சிச்சு" என்று ஆரம்பித்தாள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அவள் போன பிறகு அம்மா சொன்னாள்: "மயிலு பேசினா கல்லும் கரையும். நீ பேசினா சண்டைக்கு வந்த மாதிரி இருக்கு."

பெற்றவளே சொன்னால் மற்றவர்களைச் சொல்லி என்ன? வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது. கருவாடு வேறு.

அக்கா அப்போதும் காம்பு கிள்ளிக்கொண்டுதான் இருந்தாள், எங்களுக்கு முதுகைக் காட்டி. அவளிடம், "எப்படி இருந்துச்சு?" என்றேன்.

"ரெண்டு பேரும் நல்லாத்தான் பேசுறீங்க" என்றாள்.

மாசி 25, ஞாயிறு

முடிவாகிவிட்டது. பூமயில்.

கை தூக்கச் சொன்னபோது எனக்கு நாலு கை. அதில் ஒன்று என்னுடையது.

சந்தோஷம் என்று சொன்னேன். "அன்னைக்கு எனக்குக் களத்துல வேலை இருக்கு, வத்தல் அள்ளணும். நான் வர்றது சந்தேகம்" என்றும் சொன்னேன். பூமயில் என் கையைப் பிடித்து, "நீ பக்கத்துல நின்னாத்தான்டி எனக்குத் தெம்பு" என்றாள். கையை உருவிக்கொண்டேன். கை எரிகிறது என்றேன்.

மாசி 26, திங்கள்

தூக்குவாளியைத் திருப்பிக் கொடுக்க மாமா வீட்டுக்குப் போனேன். அத்தை மட்டும் இருந்தாள். காப்பி கொடுத்தாள். மருமகள் எங்கே என்று கேட்டேன். கடைக்குப் போயிருக்கிறாள் என்றாள். பேச்சு அங்கே இங்கே சுற்றி ஊர்க் கூட்டத்துக்கு வந்தது. "ஒம் மாமாதான் துண்டு போடப் போறாக" என்றாள் அத்தை. "அப்படியா, நம்ம மயிலுல்ல போடப் போகுதுன்னு பேசிக்கிட்டாக" என்று வாய் தவறி வந்துவிட்டது.

அத்தை டம்ளரைக் கீழே வைத்தாள்.

நான் ஒன்றும் பொய் சொல்லவில்லை. இன்றில்லாவிட்டால் நாளைக்குத் தெரியத்தான் போகிறது.

மாசி 27, செவ்வாய்

நல்ல வெயில். வத்தல் நன்றாகக் காய்கிறது.

மாசி 28, புதன்

மாமா வீட்டில் நேற்று ரகளையாம். "எம் மருமக மந்தையில துண்டு போட்டா நான் மீசைய வச்சிக்கிட்டுத் திரியவா?" என்று மாமா குதித்திருக்கிறார். பூமயிலின் போனைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டார்களாம். காப்புக் கட்டும்வரை அவள் வாசல் தாண்டக் கூடாது. குமரவேல் மச்சான் எதிர்த்துப் பேசியதற்கு, வத்தல் லோடு ஏற்றி அவரை விருதுநகருக்கு அனுப்பிவிட்டார் மாமா.

குழுப் பெண்கள் பதறிக்கொண்டு வந்தார்கள். யார் போய்ச் சொன்னது, யார் அந்தக் கோள்மூட்டி என்று ஒரே பேச்சு. யார் சொன்னார்களோ. இந்த ஊரில் சுவருக்கும் காது உண்டு.

"இனி நீதான் ஜோதி, ஒன்ன விட்டா யாரு?" என்றார்கள். ஒப்புக்கொண்டேன். வேறு வழி? பூமயிலுக்கு ஆள் விட்டுச் சொல்ல முடியவில்லை. அத்தை யாரையும் உள்ளே விடுவதில்லை.

எல்லோரும் போன பிறகு அக்கா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"திங்கக்கெழம அத்த வீட்டுக்குப் போனியா?"

"தூக்குவாளி கொடுக்கப் போனேன்."

"அது நம்ம வாளியில்ல?"

எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக் கையில் தடவினேன். அவள் அதற்கு மேல் கேட்காமல் எழுந்து போனாள். கை இன்றைக்கு ரொம்பவும் எரிகிறது.

பங்குனி 1, சனி

தவசி கடைத்தெருவில் நின்றான். பவானியைப் பார்த்ததும் பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினான். பிள்ளை என் பாவாடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. "நாளைக்கு வீட்டுக்கு வரப் போற, இன்னைக்கு என்னடி வெக்கம்?" என்று சிரித்தான். வீட்டுக்கு வந்ததும் பவானி சாக்குக்குப் பின்னால் போனது. சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. அக்கா தட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சாக்குக்குப் பின்னாலேயே உட்கார்ந்து ஊட்டினாள்.

நான்கு பக்கத்தையும் மனப்பாடம் செய்துவிட்டேன். நாளைக்கு அம்மா பார்க்கட்டும், யார் பேசினால் கல் கரைகிறது என்று.

பங்குனி 2, ஞாயிறு

முதலிலிருந்து எழுதுகிறேன். விட்டுப்போனால் பிறகு நானே மாற்றி எழுதிவிடுவேன்.

நாலு மணிக்கு மந்தையில் கூட்டம். ஆண்கள் வேப்பமரத்தடியில். நாங்கள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். அம்மா பவானியைத் தூக்கி வைத்திருந்தாள். அக்கா களத்திலிருந்து இன்னும் வரவில்லை. மேகம் மூட்டமாக இருந்ததால் வத்தலை அள்ளி மூடிவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தாள். தவசியின் சித்தப்பா துண்டு போட்டுப் பேசினார். பொண்டாட்டி வாழ வரட்டும், வராவிட்டால் எங்கள் ரத்தம் எங்கள் வீட்டுக்கு வரட்டும். துண்டை எடுத்துக்கொண்டார். "காளீஸ்வரி பக்கம் யாரு?" என்றார் அம்பலகாரர். மாமா மீசையைத் தடவிக்கொண்டு தோளில் கை வைத்தார்.

அதற்குள் நான் ஓடினேன். எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. சிவப்புக் கரைத் துண்டை அம்பலகாரர் காலடியில் போட்டேன்.

"பொம்பளத் துண்டு செல்லுமா?" "இதென்ன கூத்து?" என்று சத்தம். "செல்லாதுன்னு யாரு சொன்னது, எப்பச் சொன்னது?" என்று நானும் கத்தினேன். அம்பலகாரர் முறை தவறாதவர். தாடியைச் சொறிந்துகொண்டே யோசித்தார். "விழுந்த துண்டு விழுந்துருச்சு. பேசு தாயி" என்றார்.

மூன்று வருஷமாக இதற்காகத்தான் காத்திருந்தேன். "பெரியோர்களே" என்று ஆரம்பித்தேன்.

அப்போது மாமா வீட்டுச் சந்திலிருந்து பூமயில் ஓடிவந்தாள். கொல்லைச் சுவர் ஏறிக் குதித்திருக்கிறாள். முழங்காலில் ரத்தம். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. மூச்சு வாங்க வந்தவள், கீழே என்ன கிடக்கிறது என்றுகூடப் பார்க்காமல் பச்சைக் கரைத் துண்டைப் போட்டாள். போட்ட பிறகுதான் சிவப்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீ வர மாட்டேன்னு சொன்னியேடி!"

"எடு" என்றேன்.

"நீ எடு."

இருவரில் ஒருத்தி குனிந்திருந்தால் போதும். அவள் எடுக்கட்டும் என்று நான் நின்றேன். நான் எடுக்கட்டும் என்று அவள் நின்றாள். ஆண்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். "இதுக்குத்தான் பொம்பளைகளுக்குத் துண்டு கிடையாதுங்கிறது" என்று யாரோ சொன்னதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. இத்தனை வருஷம் பட்ட பாட்டையெல்லாம் நாங்கள் இருவரும் நின்ற நிலையிலேயே கவிழ்த்துக்கொண்டிருந்தோம். அது தெரிந்தும் என் முதுகு வளையவில்லை.

"ஒரு பக்கத்துக்கு ரெண்டு துண்டு" என்று அம்பலகாரர் மெதுவாக எழுந்தார். தவசியும் எழுந்து தொட்டிப் பக்கம் நடந்தான். பவானி அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீரிட்டது.

"எடுங்கடி ரெண்டு பேரும்."

அக்கா. களத்திலிருந்து நேராக வந்திருந்தாள். தலையில் கட்டிய துண்டு, புருவத்திலெல்லாம் வத்தல் தூசி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நாங்கள் இருவரும் குனிந்து அவரவர் துண்டை எடுத்துக்கொண்டோம்.

"அதெப்படி? விழுந்தது விழுந்ததுதான்" என்றார் மாமா.

"அதுக போட்டது அதுக துண்டு மாமா. எந் துண்ட நான் இன்னும் போடல."

தலைத்துண்டை அவிழ்த்தாள். ஓங்கி ஓர் உதறு உதறினாள். மாசி முழுக்கப் பறித்த வத்தலின் தூசி செக்கச்செவேலென்று பறந்தது. முன்வரிசை மொத்தமும் தும்மியது. மாமா தும்மினார். தவசியின் சித்தப்பா இருமி இருமிக் குனிந்துவிட்டார். அம்பலகாரருக்குக் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். தொட்டிக்குப் பின்னால் நின்ற பெண்கள் ஒருத்தியும் தும்மவில்லை. அவர்களுக்கு அது பழகிய காற்று.

அக்கா துண்டைத் தரையில் விரித்து, பக்கத்தில் உட்கார்ந்தாள். விழுந்த துண்டைத் தள்ள வழியில்லாமல் அம்பலகாரரும் மறுபடி உட்கார்ந்தார்.

மாமா மூக்கைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தார். "துண்டு கெடக்கு மாமா. நான் எடுக்கிற மட்டும் நீங்க பேசக் கூடாது" என்றாள்.

பிறகு வலது கையைத் தூக்கிக் காட்டினாள். மணிக்கட்டு இன்னும் கோணல்தான்.

"இத ஒடிச்சது கதவு இல்ல. ஒடிச்சவுக இங்கன இருக்காக. எம் பிள்ள அவுக சத்தம் கேட்டா வத்தச் சாக்குக்குள்ள மூஞ்சிய வைக்கிது. தும்முனா அடி விழும்னு தும்மாம இருக்கப் பழகிருச்சு. இந்நேரம் நீங்க எல்லாரும் தும்முனீகள்ல, எம் பிள்ள தும்மாது. இம்புட்டுத்தான் நான் சொல்லணும். பிள்ள எங்கிட்ட இருக்கட்டும்னு ஊரு சொல்ற வரைக்கும் துண்ட எடுக்க மாட்டேன்."

அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டாள். என் நான்கு பக்கம் இடுப்பில் செருகியபடி வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது.

துண்டு கிடந்தால் வேறு யாரும் பேச முடியாது. பிராது தீராவிட்டால் காப்புக் கட்ட முடியாது. ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வேப்பமரத்து நிழல் நீண்டது. ஒரு கிழவர் பீடி பற்றவைத்துவிட்டு அணைத்தார். அக்கா துண்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த மிளகாய் விதைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு தொட்டிக்குப் பின்னாலிருந்து அம்மா வந்தாள். பவானியோடு வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுத்து தெற்குத் தெருப் பெண்கள். யாரும் கூப்பிடவில்லை. எல்லோரும் தலைத்துண்டோடு வந்து உட்கார்ந்தார்கள். எங்கள் பெண்களிடம் துண்டு எப்போதும் இருந்திருக்கிறது. தினம் தினம் என் கண் முன்னால், என் தலையிலேயே இருந்திருக்கிறது. நான் பரமக்குடிக்குப் போய் வாங்கி வந்தேன்.

கோவிலில் விளக்கு வைக்கும் நேரம் அம்பலகாரர் தவசியைப் பார்த்தார். அவன் காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றான். நிமிரவில்லை.

"பிள்ள தாயிகிட்ட இருக்கட்டும். எடு தாயி துண்ட."

"இன்னொரு தடவ சொல்லுங்க. பின்னால இருக்கவுகளுக்குக் கேக்கல" என்றாள் அக்கா.

அவர் சத்தமாகச் சொன்னார்.

நான் அழுதேன். சந்தோஷம்தான், சத்தியமாகச் சந்தோஷம்தான். ஆனால் ஓர் ஓரத்தில் குத்தியது. இதையும் எழுதிவிடுகிறேன். எனக்கு ஏன் அது தோன்றவில்லை? இத்தனை நாள் பூமயில் ஒருத்திதான் என்றிருந்தேன். இப்போது வீட்டுக்குள்ளேயே ஒருத்தி.

சாப்பிடும்போது அக்கா சொன்னாள்: "எனக்காகத்தான் ரெண்டு பேரும் வந்தீங்க, தெரியும். நான் என்ன பேசணும்னு நெனைக்கிறேன்னு ஒரு வார்த்த கேட்டீங்களாடி? மாமாவும் கேக்கல, நீங்களும் கேக்கல." பிறகு, "ரசம் ஊத்து" என்றாள்.

ஊற்றினேன்.

பங்குனி 4, செவ்வாய்

காலையில் காப்புக் கட்டினார்கள். பவானி வாசலில் மஞ்சள் தண்ணீரில் விளையாடியது. சாக்குப் பக்கம் போகவில்லை.

பூமயில் வந்தாள், முழங்காலில் கட்டோடு நொண்டி நொண்டி. எங்கள் தூக்குவாளியைத் திருப்பிக் கொடுக்க வந்தாளாம். வெறும் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாதே, உள்ளே மாவிளக்கு மாவு வைத்திருந்தாள்.

வாளியை வாங்கிக்கொண்டு நின்றேன். அவள் போகவில்லை.

"அதுல ஒங்கம்மா பேரு வெட்டியிருக்கு ஜோதி. சொர்ணம்னு. எங்க அத்தைக்குப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும்."

பாத்திரக்காரன் அத்தனை ஆழமாகவா வெட்ட வேண்டும்?

"அப்புறம் ஏன் சண்டைக்கு வரல?" என்றேன்.

"வரணும்னுதான் இருந்தேன். நீ வர மாட்டேன்னு நெனச்சுத்தான செவுரு ஏறிக் குதிச்சேன். நீ துண்டு போட்டிருக்கேன்னு தெரிஞ்சிருந்தா வந்திருக்கவே மாட்டேன்."

"பொய் சொல்லாத. வந்திருப்ப."

சற்று யோசித்தாள். "ஆமா, வந்திருப்பேன்." அப்புறம் கடகடவென்று கொட்டினாள். "ஒனக்கென்னடி தெரியும்? அந்த வீட்ல காலைல எந்திரிச்சா ஒம் பேருதான். குழம்பு வச்சா, ஜோதி கைப்பக்குவம் வராது. கோலம் போட்டா, ஜோதி போட்டா கண்ணுல ஒத்திக்கலாம். ஜோதியக் கெட்டியிருந்தா, ஜோதியக் கெட்டியிருந்தான்னு எங்க அத்த என்னைக் கொத்தாத நாளு இல்ல. அவுக கூட ஒருநா, 'ஜோதி நல்லா எழுதுவா'ன்னாக. எனக்கு எரிஞ்ச எரிச்சல்ல ரெண்டு நாளு அவுக கூடப் பேசல."

"எப்பச் சொன்னாரு?"

"என்னைக்கோ."

"அந்தப் பழுப்புச் சட்டை அவருக்குப் பொருந்தல" என்றேன்.

"நான்தான் எடுத்துக் கொடுத்தேன்."

"தெரியும்."

இருவரும் மாவிளக்கு மாவைப் பிட்டுத் தின்றோம். அவள்மேல் எனக்கு இருந்தது போல அவளுக்கும் என்மேல் இருந்திருக்கிறது. மனசு கனிந்திருக்க வேண்டும். எனக்கு என்னவோ உச்சி குளிர்ந்தது. இன்று நன்றாகத் தூக்கம் வரும்.

அந்த நேரத்தில் தெற்குத் தெரு வீரம்மா மதினி வந்தார். தன் மாமனார் வீட்டோடு ஏதோ பிராது, அடுத்த கூட்டத்தில் காளீஸ்வரி தனக்காகத் துண்டு போட வேண்டும் என்றார். அக்கா வாசலில் வத்தல் புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமல், "ஒங்க தலையில துண்டு இருக்குல்ல மதினி?" என்றாள்.

மதினி எங்களைப் பார்த்தார். நானும் பூமயிலும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்து, ஒரே நேரத்தில் மூடினோம். அக்கா கேட்டது இருவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். சரி, இந்தத் தடவை முறையாகக் கேட்போம் என்று நான் தொண்டையைச் செருமினேன்.

"நீங்க என்ன பேசணும்னு நெனைக்கிறீங்க மதினி? மொதல்ல அதச் சொல்லுங்க."

கேட்டது பூமயில். எனக்கு ஒரு மூச்சு முந்திவிட்டாள்.